வெள்ளக் கணக்கில் விடுபடும் வேர்கள்

2024 நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அதன் மழை செய்யூர் பகுதியையும் விட்டுவைக்கவில்லை. சில நாள்கள் கழித்து, எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவரின் நிலத்துக்குச் சென்றிருந்தேன். தாழ்ந்த வயலில் தண்ணீர் இன்னும் தேங்கியிருக்க, நெல் பச்சையாக நின்றது. நீர் வடிந்துவிட்ட மேட்டு நிலத்திலோ வேர்க்கடலை வெளிறிக் கிடந்தது. "தண்ணியில நிக்கிற நெல்லு நல்லாத்தானே இருக்கு, இதுக்கு மட்டும் என்ன சார் கேடு?" என்றார் அவர். பொருளாதாரம் கற்பித்தே காலம் கழித்த எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பிறகு படித்தறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் துளைகளில் நீர் நிரம்பிவிட்டால், எஞ்சிய ஆக்சிஜனை வேர்களும் நுண்ணுயிர்களும் ஓரிரு நாள்களில் தீர்த்துவிடும். அதன்பின், ஆக்சிஜன் இன்றியே வாழக்கூடிய பாக்டீரியாக்களின் காலம். அவை முதலில் கைவைப்பது நைட்ரேட்டில். கடன் வாங்கி இட்ட யூரியாவின் ஒரு பகுதி இப்படித்தான் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அடுத்து மாங்கனீசு, இரும்பு, சல்பேட். இறுதியில் மீத்தேன் உருவாகும். உப்பங்கழி நீர் புகும் கடலோர வயல்களில் சல்பேட் மிகுதி என்பதால், அங்கு உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு வேரை நேரடியாகத் தாக்குகிறது. அச்சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வருவதற்கு அதுவே காரணம்.

நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. அவற்றின் வழியே இறங்கும் ஆக்சிஜன் வேரைச் சுற்றியும் சிறிது கசிகிறது. நல்ல நெல்வேரின் மேல் துருநிறம் படிந்திருப்பது அதன் அடையாளம். வேர் கறுத்திருந்தால் கவலைப்பட வேண்டும். ஆனால், பயிர் முழுவதுமாக மூழ்கினால் சாதாரண நெல்லும் நெடுநாள் தாங்காது. ஒடிசாவின் பழைய ரகமொன்றிலிருந்து கண்டறியப்பட்ட சப்1 மரபணுவைக் கொண்ட சிஆர் 1009 சப்1 போன்ற ரகங்கள் இரு வாரங்கள் வரை தாக்குப்பிடிக்கும்.

வேர்க்கடலைக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக்கித் தருகிறது. அதற்கு ஏராளமான ஆற்றல் தேவை. ஆற்றலுக்கு ஆக்சிஜன் தேவை. வேலை செய்யும் முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அன்று அவர் பிடுங்கிக் காட்டிய செடியின் முடிச்சுகள் உள்ளே பழுப்பேறியிருந்தன. மணிச்சத்தைத் தேடித் தரும் வேர்ப்பூஞ்சைகளும் நீர் தேங்கினால் குறைந்துவிடுகின்றன.

இங்குதான் என் துறை குறுக்கிடுகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, பயிர்ச்சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால்தான் இடுபொருள் மானியம் கிடைக்கும். நிலத்தில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால், அதை அகற்றத் தனி உதவியும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் இழப்பை அளக்கும் விதிகள் இவை. நிர்வாகத்துக்கு வேறு வழியில்லை என்பதும் உண்மையே. அந்த வேர்க்கடலை சாகவில்லை. எனவே சேதப் பட்டியலில் ஏறவும் இல்லை. முடிச்சுகள் இலவசமாகத் தந்திருக்க வேண்டிய தழைச்சத்துக்காக அவர் ஒரு மூட்டை யூரியா வாங்கினார். காய்ப்பும் குறைந்தது. ஆண்டு விளைச்சலைக் கணக்கிடும் நாம், அதை விளைவிக்கும் மூலதனத்தின் தேய்மானத்தைக் கணக்கிடுவதில்லை. தொழிற்சாலை என்றால் எந்தத் தணிக்கையாளரும் இதை ஏற்கமாட்டார்.

வெள்ளம் வடிந்த ஊர்களில் மண் பரிசோதனையையும், அடுத்த விதைப்புக்கான ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா உயிர் உரங்களையும் நிவாரணத்திலேயே சேர்க்கலாம். உயிர் உர உற்பத்தி மையங்களை வேளாண் துறையே நடத்துகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அவற்றைக் கிராம அளவில் இருப்பு வைப்பது பெரிய செலவன்று.