வலிநீக்கிக் கூட்டுக் களிம்பு

வலிநீக்கிக் கூட்டுக் களிம்பு என்பது தசை, மூட்டு, நரம்பு ஆகியவற்றில் தோன்றும் வலியைத் தணிப்பதற்காகத் தோலின் மேல் பூசப்படும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துப் பொருட்களைக் கொண்ட களிம்பு, கூழ், தைலம், தெளிப்பான் ஆகியவற்றைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். பேச்சு வழக்கில் இவை ஆயின்மெண்ட், ஜெல், பாம், தைலம் எனப் பலவாறு வழங்கப்படுகின்றன. மருத்துவரின் சீட்டு இன்றியே மருந்துக் கடைகளிலும், சில வகைகள் மளிகைக் கடைகளிலும் கிடைப்பதால் இவை தீங்கற்றவை என்ற எண்ணம் நிலவுகிறது. ஆனால் தோலில் பூசும் மருந்தின் ஒரு பகுதி குருதியில் கலக்கின்றது. பூசும் அளவு, பூசும் பரப்பு, வெப்பம், மேலே கட்டும் துணி ஆகியவற்றைப் பொறுத்து அப்பகுதி கூடவும் செய்யும்.

ஒரே அசைவை நாள் முழுதும் திரும்பத் திரும்பச் செய்யும் தொழில்களில் தசைவலியும் நரம்புவலியும் கலந்தே வருகின்றன. காஞ்சிபுரத்தின் பட்டு நெசவு இதற்கு நல்ல சான்று. எனவே இக்கட்டுரையில் பயன்பாடு பற்றிய செய்திகள் அத்தொழிலை முன்வைத்தே விளக்கப்படுகின்றன.

தறியும் வலியும்

காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவைகள் பெரும்பாலும் குழித்தறிகளில் நெய்யப்படுகின்றன. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகளை மாறி மாறி அழுத்துகிறார். ஒரு கை நாடாவை ஓட்டுகிறது. மற்றொரு கை பலகையை இழுத்து ஊடை இழையை நெருக்குகிறது. உடலும் கரையும் வேறு நிறங்களில் அமையும் கோர்வை நெசவில் கரைக்கெனத் தனி நாடாக்கள் தேவைப்படுவதால் உடன் ஒருவர் அமர்ந்து உதவுகிறார். இழை அறுந்துவிடாமல் கவனிக்க வேண்டியிருப்பதால் கழுத்து எப்பொழுதும் முன்னே குனிந்திருக்கும்.

இந்நிலையில் கழுத்து, தோள், கீழ்முதுகு ஆகியவற்றின் தசைகள் ஓய்வின்றி இறுகியே இருக்கின்றன. இதனால் உண்டாவது தசைவலி. மணிக்கட்டு ஓயாமல் வளைந்து நிமிர்வதால், அங்குள்ள குறுகிய வழியினூடாகச் செல்லும் நடு நரம்பு நசுங்கக்கூடும். மருத்துவர்கள் இதைக் கார்ப்பல் டனல் நோய் என்பர். முதுகெலும்பின் வட்டுகள் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் இடுப்பிலிருந்து கால் வரை வலி ஓடும். இவை நரம்புவலியைச் சேர்ந்தவை.

இரண்டையும் பிரித்தறிவது அத்துணைக் கடினம் அன்று. தசைவலி மந்தமானது, அழுத்தினால் நோகும், ஓய்வில் குறையும். நரம்புவலி எரிச்சலாகவோ, மின்சாரம் பாய்வது போலவோ, ஊசி குத்துவது போலவோ ஒரு கோட்டில் ஓடும், மரத்துப்போதலும் உடன் வரும், இரவில் மிகும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன மரத்து, சுண்டுவிரல் மட்டும் நன்றாக இருந்து, இரவில் விழித்துக் கையை உதற வேண்டியிருந்தால் மணிக்கட்டு நரம்பையே முதலில் ஐயுற வேண்டும். தோளில் எவ்வளவு தைலம் தேய்த்தாலும் இது தீராது.

உட்பொருட்கள்

இந்தியாவில் பரவலாக விற்கப்படும் ஒரு கலவையில் டைக்ளோஃபெனாக் டையெத்திலமின் 1.16%, மெத்தில் சாலிசிலேட்டு 10%, மெந்தால் 5%, ஆளிவிதை எண்ணெய் 3% ஆகியவை உள்ளன. வேறு சில கலவைகளில் இவற்றுடன் கேப்சைசின் சேர்க்கப்படுகிறது. தைல வகைகளில் கற்பூரம், யூக்கலிப்டசு எண்ணெய், கற்பூரத்தைலம் எனப்படும் டர்பென்டைன் ஆகியன இடம்பெறுகின்றன.

டைக்ளோஃபெனாக், அழற்சியைத் தூண்டும் புரோசுட்டாகிளாண்டின்கள் உடலில் உருவாவதைத் தடுக்கிறது. சுளுக்கு, கைமூட்டு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்வு ஆகியவற்றில் இதன் பயன் ஆய்வுகளில் நன்கு காட்டப்பட்டுள்ளது. உரிய அளவில் பூசும்போது குருதியில் சேரும் மருந்து, மாத்திரையாக விழுங்கும்போது சேர்வதில் ஏறத்தாழ 6% மட்டுமே. பல மூட்டுகளில் ஒரே நாளில் பூசினால் இவ்வளவு பன்மடங்காகும்.

மெந்தால் குளிர்ச்சி தருவதாகத் தோன்றினாலும் தோலின் வெப்பநிலையை அது பெரிதாகக் குறைப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.எம்.8 என்னும் வாயிலை அது திறந்துவிடுகிறது. மூளை அதனைக் குளிர் என்றே படித்துக்கொள்கிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் இதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் திறக்கும் டி.ஆர்.பி.வி.1 வாயிலைத் திறக்கிறது. இவ்வாயிலை 1997 ஆம் ஆண்டில் டேவிட் ஜூலியசு குழுவினர் கண்டறிந்தனர். வெப்பம், தொடுகை ஆகியவற்றின் உணர்விகளைக் கண்டறிந்தமைக்காக ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர். ஆகவே ஒரே களிம்பில் மெந்தாலும் கேப்சைசினும் இருந்தால், குளிர், சூடு ஆகிய இரு பொய்ச் செய்திகளும் ஒருசேர மூளைக்குச் செல்கின்றன எனலாம். வலிச் செய்தி இவற்றின் நெரிசலில் பின்தங்குவதே உடனடியாகக் கிடைக்கும் ஆறுதலுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

மெத்தில் சாலிசிலேட்டு தனியே நோக்கத்தக்கது. இது தோலினுள் சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது; ஆஸ்பிரினின் குடும்பத்தைச் சேர்ந்தது. தூய நிலையில் 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் 20-க்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடானது.

ஒரே மருந்து, பல பெயர்கள்

மெத்தில் சாலிசிலேட்டு இயற்கையில் விண்டர்கிரீன் எண்ணெயில் உள்ளது. அவ்வெண்ணெயின் மிகப்பெரும் பகுதி இதுவே. நீலகிரி மலைகளிலும் வளரும் கோல்தீரியா என்னும் செடியின் இலையிலிருந்து இது வடிக்கப்படுகிறது. ஆயுர்வேதக் களிம்புகளின் உறையில் இது 'கந்தபூரா தைலம்' என்று குறிக்கப்படுகிறது. ஆகவே 'ஆயுர்வேதம்' என அச்சிட்ட குழாயிலும், 'டைக்ளோஃபெனாக்' என அச்சிட்ட குழாயிலும், தலைவலித் தைலக் குப்பியிலும் ஒரே மருந்து இருக்க இடமுண்டு. இதே போல் 'பிப்பர்மிண்ட் சத்து', 'புதினா சத்து' என்பன மெந்தாலையும், 'ஓலியம் லினி' என்பது ஆளிவிதை எண்ணெயையும் குறிக்கும்.

தமிழ் வீடுகளில் தைலம் பூசும் பழக்கம் புதியதன்று. காசிநாதுனி நாகேசுவரராவ் 1893 இல் மும்பையில் தொடங்கிய அமிர்தாஞ்சன் நிறுவனம் 1914 இல் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வரும் கோடாலித் தைலத்தை உறவினர்களுக்கு வாங்கி வராத பயணி அரிது. இவ்வாறு வீட்டில் மூன்று நான்கு வகைகள் சேர்ந்துவிடுகின்றன. காலையில் ஒன்றும், தறியிலிருந்து எழுந்த பின் ஒன்றும், படுக்கும் முன் ஒன்றுமாகப் பூசுபவர் மூன்று மருந்துகளைப் பயன்படுத்துவதாக நினைத்தாலும், உண்மையில் ஒரே மருந்தை மும்மடங்காகப் பூசிக்கொண்டிருக்கலாம். இதற்கும் மேல் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் விழுங்கினால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஒரு நேரத்தில் ஒரு களிம்பு என்பதே பாதுகாப்பான வழக்கம். வாங்கும்போது வணிகப் பெயரை விட, குழாயின் பின்புறம் சிற்றெழுத்தில் உள்ள கலவைப் பட்டியலே பார்க்கத்தக்கது.

2007 ஆம் ஆண்டில் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப் பந்தய வீராங்கனை ஒருவர் மெத்தில் சாலிசிலேட்டு நச்சேற்றத்தால் இறந்தார். தசைவலிக் களிம்புகளை மிகுதியாகப் பயன்படுத்தியதே காரணம் எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய இறப்புகள் மிக அரியவை. எனினும் தோல் ஒரு மதில் அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

வெப்பமும் கட்டும்

வலித்த இடத்தில் களிம்பைப் பூசி, அதன் மேல் உப்பு ஒத்தடமோ தவிட்டு ஒத்தடமோ கொடுத்து, துணியால் இறுக்கிக் கட்டுவது ஊர்தோறும் உள்ள வழக்கம். ஒத்தடம் தனியே நல்லது. களிம்பும் தனியே தகும். இரண்டும் சேர்வதே தீங்கு. வெப்பம் தோலின் குருதிக் குழாய்களை விரிவடையச் செய்கிறது. உடலுழைப்பும் வெப்பமும் சேரும்போது மெத்தில் சாலிசிலேட்டு உறிஞ்சப்படும் அளவு சுமார் மூன்று மடங்காகலாம் என ஆய்வு காட்டியுள்ளது. சித்திரை, வைகாசி மாதங்களில் காற்றோட்டமற்ற தறிக்கூடத்தில் வியர்வையுடன் மிதியை அழுத்திக்கொண்டிருப்பவரின் உடல் ஏறக்குறைய இந்த நிலையில்தான் உள்ளது.

தீப்புண்ணும் உண்டாகலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஆம் ஆண்டு செப்டம்பரில் இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதில் 43 நிகழ்வுகள் குறிப்பிடப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மெந்தால் 3 விழுக்காட்டுக்கு மேலோ, மெத்தில் சாலிசிலேட்டு 10 விழுக்காட்டுக்கு மேலோ கொண்ட களிம்புகளால் நேர்ந்தவை. சிலருக்கு ஒரே முறை பூசிய பின்னரே கொப்புளம் எழுந்தது. இளஞ்சூடாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் வலியோ கொப்புளமோ எழுந்தால் உடனே கழுவிவிட வேண்டும்.

நரம்புவலியில் பயன்

விளம்பரங்கள் கூறுவது எதுவாயினும், இக்கலவைகளில் உள்ள பெரும்பாலான பொருட்கள் நரம்புவலிக்கு உரியவை அல்ல. டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி நீக்கிகள் நரம்புவலியில் பயன் தருகின்றன என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. சான்று உள்ளவை வேறு: 8% கேப்சைசின் ஒட்டு, 5% லிடோகெயின் ஒட்டு ஆகியன. முன்னது மருத்துவ மேற்பார்வையில் மட்டும் ஒட்டப்படுவது. குழாய்களில் வரும் 0.025% அல்லது 0.075% கேப்சைசினை நாள்தோறும் மூன்று நான்கு முறை, சில வாரங்கள் தொடர்ந்து பூசினால்தான் அதன் பயன் தெரியத் தொடங்கும். முதல் சில நாட்களில் எரிச்சலே மிகுந்திருக்கும். பலர் அந்நிலையிலேயே விட்டுவிடுகின்றனர்.

அக்கி எனப்படும் நோய்க்குப் பின் மாதக் கணக்கில் நீடிக்கும் எரிவலி நரம்புவலியின் தெளிவான எடுத்துக்காட்டு. குயவரிடம் சென்று காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் உள்ளது. அக்கிக் கொப்புளங்கள் ஆறித் தோல் மூடும் வரை எந்தக் கூட்டுக் களிம்பையும் அவ்விடத்தில் பூசலாகாது. கொப்புளம் தோன்றிய முதல் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்றால் நச்சுயிரிக்கு எதிரான மாத்திரை பயன் தரும்.

நீரிழிவு நோயாளிகளின் பாத எரிச்சல் மற்றொன்று. உணர்வு குன்றிய பாதத்தில் காரக் களிம்பு பூசினால் தோல் வெந்தாலும் தெரியாது. வெறுங்காலால் மிதியை அழுத்தும்போது அது புண்ணாகும். தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமலும் அங்கு உணர்ச்சியின்மையும் இருந்தால் அது தொழுநோயாகவும் இருக்கலாம். அது முற்றிலும் குணமாகக்கூடிய நோய்; அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியிருந்த செங்கல்பட்டில், நடுவண் அரசின் தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் 1955 முதல் இயங்குகிறது. மரத்துப்போன இடத்தில் ஆண்டுக் கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்துவது இத்தகையோருக்கு விரல்களின் இழப்பாகவே முடியும்.

பூசும் அளவும் முறையும்

வளர்ந்தவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம் ஆகும். இரு உள்ளங்கைப் பரப்புக்கு இது போதும். ஒரு மணிக்கட்டுக்கோ முழங்கைக்கோ ஒரு விரல் நுனி அளவும், கீழ்முதுகுக்கு இரண்டு மூன்றும் கொண்டு நாளுக்கு மூன்று நான்கு முறை மென்மையாகத் தடவலாம். 30 கிராம் குழாய் இரண்டே நாட்களில் தீர்கிறது என்றால் அளவு மிகுந்துவிட்டது என்று பொருள். ஏழு நாட்களில் குறையாத வலிக்கு மேலும் களிம்பு வாங்குவதை விட மருத்துவரைப் பார்ப்பதே தகும்.

புண், சிரங்கு, மழித்த தோல், கண், வாய் ஆகியவற்றில் படக்கூடாது. சுடுநீரில் குளித்தவுடன் பூசாமல் உடல் ஆறிய பின் பூச வேண்டும். நெசவாளருக்கு ஏற்ற வேளை, தறி வேலை முடிந்த மாலை அல்லது இரவு. தறியில் அமரும் முன் கையில் பூசினால் எண்ணெய்ப் பசை பட்டில் கறையாகும்; புடவைக்குக் கூலி வாங்குபவருக்கு இது சிறிய இழப்பன்று. கேப்சைசின் கலந்ததாயின் இடர் கூடுதல். வியர்வையைத் துடைக்கும் புறங்கை கண்ணில் பட்டால் தாங்கவியலாத எரிச்சல் உண்டாகும். கேப்சைசின் நீரில் கரையாது. முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து, பின் சோப்பிட்டுக் கழுவினால் நீங்கும். கைவலிக்கே அதைப் பூசுவோர் அரைமணி நேரம் விட்டுப் பின் கழுவ வேண்டும்.

பூசிய இடத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கீட்டோபுரோஃபென் கலந்த கூழ் பூசியவர்கள், நிறுத்திய பின்னரும் இரு வாரங்கள் அவ்விடத்தை மூடி வைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியோர்

குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோருக்கு, தோலில் பூசிய மெத்தில் சாலிசிலேட்டே குருதிக் கசிவை உண்டாக்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஆஸ்பிரினால் இளைப்பு வருபவர், சிறுநீரக நோயாளர் ஆகியோரும் மருத்துவரைக் கேளாது பூசலாகாது. கருவுற்ற பெண்கள், சிறப்பாக 20 வாரங்களுக்குப் பின், டைக்ளோஃபெனாக் வகைகளைத் தவிர்க்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோருக்கு இக்கூட்டுக் களிம்புகள் உரியவை அல்ல. கைக்குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ மெந்தால், கற்பூரம் கலந்த தைலத்தைத் தடவினால் மூச்சுத் தடை ஏற்படக்கூடும்.

தறி பெரும்பாலும் வீட்டின் முன்கட்டிலேயே இருப்பதால், அதன் அருகே வைத்த குழாய் குழந்தையின் கைக்கு எட்டும். 10% மெத்தில் சாலிசிலேட்டு உள்ள 30 கிராம் குழாயில் 3 கிராம் மருந்து உள்ளது. இது சுமார் 3.5 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 150 மில்லிகிராமுக்கு மேல் ஆஸ்பிரின் சேர்ந்தால் நச்சாகும் என்பர். ஆகவே 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைக் குழாய்க்கும் குறைவே போதும். கற்பூரம் விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். இத்தகைய நிலையில் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 ஊர்தியை அழைத்து, குழாயையோ குப்பியையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும். கலவை தெரிந்தால்தான் மருத்துவர் உடனே உரிய சிகிச்சையைத் தொடங்க முடியும்.