கல்லாப்பெட்டியும் கணக்கேடும்

நம் குடும்பங்களில் சிறுகடை வைத்துப் பிழைப்போர் பலர். சுபுஹு தொழுதுவிட்டுக் கடைக்குப் புறப்படுகிறவர் இஷாவுக்குப் பின்னரே வீடு திரும்புகிறார். வீட்டுக்கு அரிசி வாங்கவேண்டுமா? கல்லாவிலிருந்து எடுக்கிறார். மகனின் பள்ளிக் கட்டணமா? அதுவும் கல்லாவிலிருந்துதான். சரக்கு கொடுத்தவருக்குச் செலுத்தப் பணம் போதவில்லையென்றால், மனைவியின் சேமிப்பு கடைக்குப் போகிறது. இவற்றில் எதுவும் எழுதிவைக்கப்படுவதில்லை. வருமானவரி அறிக்கை கொடுக்கும் காலம் நெருங்கியதும், பை நிறைய ரசீதுகளை அள்ளிக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடுகிறார். அவர் கேட்கும் முதற் கேள்விக்கே விடை தெரியாமல் விழிக்கிறார்.

அந்தக் கேள்வி மிக எளியது: "உங்கள் கடை இவ்வாண்டு எவ்வளவு சம்பாதித்தது?"

எட்டு விழுக்காடு என்னும் ஏற்பாடு

சிறுவணிகருக்குச் சட்டம் ஒரு சலுகை தந்துள்ளது. ஆண்டு விற்பனை 2 கோடி ரூபாயைத் தாண்டாதவர், ரொக்கமாக வந்த விற்பனையில் 8 விழுக்காட்டையும், வங்கி வழியாக வந்ததில் 6 விழுக்காட்டையும் இலாபமாகக் காட்டலாம். விரிவான கணக்கேடுகளை வரித்துறைக்கென வைத்திருக்கவேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. தரகு, முகவாண்மைத் தொழில்களுக்கு இச்சலுகை பொருந்தாது.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 80 இலட்சம். அதில் ரொக்கம் 50 இலட்சம், வங்கி வழி 30 இலட்சம். முன்னதில் 8 விழுக்காடு 4,00,000. பின்னதில் 6 விழுக்காடு 1,80,000. ஆக, காட்டவேண்டிய குறைந்தபட்ச இலாபம் 5,80,000 ரூபாய். 2025-26 நிதியாண்டுக்குரிய புதிய வரிமுறையில், 12 இலட்சம் வரை வணிக வருமானமுள்ள தனிநபருக்குத் தள்ளுபடி கிடைப்பதால் இவருக்கு வரி இராது. ஆனால் வருமானம் 4 இலட்சத்தைத் தாண்டிவிட்டதால் அறிக்கை கொடுத்தே ஆகவேண்டும். வரி இல்லை என்பதும் அறிக்கை வேண்டாம் என்பதும் ஒன்றல்ல.

இங்கே மற்றொன்றையும் மனத்தில் கொள்ளவேண்டும். எட்டு விழுக்காடு என்பது கீழெல்லை மட்டுமே. உண்மையில் 15 விழுக்காடு இலாபம் பெற்றவர் அதைத்தான் காட்டவேண்டும். உண்மை இலாபம் எவ்வளவு என்பதை எழுதிவைத்தவரே அறிவார். ஜகாத் கொடுக்கக் கணக்குப் பார்க்கும்போதும் சரக்கின் உண்மை மதிப்புத்தான் வேண்டும். விழுக்காட்டு மதிப்பீடு அங்கே உதவாது.

மார்ச் 31 இரவு

ஏடுகள் கட்டாயமில்லை என்றாலும், சலுகைமுறைக்குரிய அறிக்கைப் படிவம் நான்கு தொகைகளைக் கேட்கிறது: நாம் கொடுக்கவேண்டிய கடன், நமக்கு வரவேண்டிய பாக்கி, சரக்கிருப்பு, கையிலுள்ள ரொக்கம். இவற்றை மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்ல இயலாது. மார்ச் 31 அன்று இரவு கடையை அடைத்தபின், பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு சரக்கை எண்ணி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ரமளானில் ஜகாத்துக்காகச் சரக்கை எண்ணும் பழக்கம் உள்ளவருக்கு இது புதிதன்று. ஹிஜ்ரி ஆண்டு சுமார் 11 நாள் குறைவாதலால் இரண்டு கணக்குகளும் ஒரே நாளில் அமையா, தனித்தனியே எடுக்கவேண்டும்.

கடைக்கென ஒரு தனி வங்கிக் கணக்கு இருக்கட்டும். வீட்டுச் செலவுக்கு எடுப்பதை 'சொந்தப் பற்று' என்று நாளேட்டில் எழுதுங்கள். ஜிஎஸ்டி பதிவு பெற்றவர், அந்த அறிக்கைகளில் காட்டிய விற்பனையோடு வருமானவரிக் கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். வரித்துறை இணையதளத்தில் கிடைக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையையும் ஒருமுறை சரிபார்ப்பது நலம்.

கைமாற்று வாங்கும்போது

வட்டிக்கு அஞ்சி விலகும் நம் வணிகர், பெருநாள் கொள்முதலுக்கு மச்சானிடமோ மாமாவிடமோ கைமாற்று வாங்குவது வழக்கம். அழகிய இப்பழக்கத்தில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கும் அதே விதி உண்டு. உறவினர் என்பதற்காகத் தனி விலக்கு இல்லை. மீறினால் கடன் தொகைக்கு நிகரான தொகை அபராதமாக விதிக்கப்படலாம். ஆகவே கைமாற்று வங்கி வழியாகவே வரட்டும், வங்கி வழியாகவே திரும்பட்டும். இருவரும் கையொப்பமிட்ட ஒரு தாளும் இருக்கட்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான். "மாமாவிடம் எழுதிக் கேட்டால் மனம் நோவாரே" என்று தயங்குவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

வீட்டாரும் அறியட்டும்

கடைக்காரர் திடீரென மௌத்தாகிவிட்டால் என்ன ஆகும்? இன்னார் இவ்வளவு தரவேண்டும் என்பதும், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதும் அவரோடு போய்விடுகின்றன. கடன் தீர்த்த பின்னரே வஸிய்யத்தும் பாகப்பிரிவினையும் என்பது மார்க்கச் சட்டம். இறந்தவர் செலுத்தாது விட்ட வரிக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகள் பொறுப்பாவர் என்பது நாட்டின் சட்டம். எழுதப்படாத கணக்கு இரண்டு வழியிலும் விதவையின் தலையிலும் பிள்ளைகளின் தலையிலுமே விழுகிறது.

ஆகையால் சகோதரிகளே, கடைக் கணக்கு ஆண்களின் காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம், அன்றைய விற்பனை, கொள்முதல், சொந்தப் பற்று, கடன் என்று நான்கு வரிகளை அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். மார்ச் முடிகையில் வரி அறிக்கைக்கு வேண்டியதெல்லாம் அந்த ஏட்டிலேயே இருக்கும். ஏடு இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.