ஓடு சின்னது, உடம்பு சிவப்பு

சிவப்பு நத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓடு அல்ல, உடம்பே சிவப்பு! போடிமெட்டு வளைவுகளில் ஏற ஏற, குளிர்காற்றோடு ஏலக்காய் வாசம் வருமே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகள்தான் 'இண்ட்ரெல்லா ஆம்புல்லா' என்ற இந்த நத்தைக்குச் சொந்த ஊர். உலகில் வேறெங்கும் கிடையாது. மெல்லிசான ஓடு, அதற்குப் பொருந்தாத பெரிய உடம்பு! எல்லாமே சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சளும் உண்டு, வெளிர் நிறமும் உண்டு. நத்தை ஆர்வலரான பென்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1850-லேயே இதற்குப் பெயர் சூட்டிவிட்டார். இதன் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். கூடப்பிறந்தது என்று சொல்ல யாருமில்லை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் போகிறவர்களே, நத்தை ஊர்ந்து போனால் கையில் எடுக்க வேண்டாம். கொஞ்சம் வழிவிட்டுப் போங்கள்.