சோற்றை விட்டுவிட்டு ஒரு விளையாட்டுக் கதை

சென்ற இதழில் கொலஸ்ரரோல் பற்றி நாம் எழுதியதைப் படித்த ஒரு அம்மா, "டொக்டர், எப்ப பார்த்தாலும் சோற்றைக் குறையுங்கோ எண்டுதான் எழுதுறியள். வேற ஒண்டும் இல்லையே?" என்று கோவில் வாசலில் மறித்துக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே இம்முறை விளையாட்டு.

2014 ஆகஸ்ட் 2 ஆம் திகதி, கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் இரட்டையர் ஸ்குவாஷ் இறுதியாட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்தின் ஜெனி டங்காஃபும், அப்போதைய உலகச் சம்பியன் லோரா மசாரோவும். மறுபக்கம் சென்னையில் ஆடி வளர்ந்த ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும். 11-6, 11-8 என்று நேர் செட்களில் சென்னைப் பெண்கள் வென்றார்கள். 1998 இல் கோலாலம்பூரில் ஸ்குவாஷ் இப்போட்டிகளில் சேர்க்கப்பட்ட பின் இந்தியாவுக்கு அதில் கிடைத்த முதற் பதக்கமே அதுதான், அதுவும் தங்கம். 2018 கோல்ட் கோஸ்டில் இதே இருவரும் நியூசிலாந்து இணையிடம் தோற்று வெள்ளி பெற்றார்கள்.

எம்மை அதிகம் கவர்ந்தது அதற்குப் பின் நடந்ததுதான். தீபிகாவுக்கு 2021 ஒக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 2022 ஏப்ரலில், அதே கிளாஸ்கோவில், உலக இரட்டையர் போட்டியில் ஜோஷ்னாவுடன் பெண்கள் தங்கத்தையும் சௌரவ் கோஷலுடன் கலப்பு இரட்டையர் தங்கத்தையும் வென்றார். இதைப் படித்துவிட்டுப் பிள்ளை பெற்ற ஆறாம் மாதத்தில் யாரும் துள்ளி ஓட வேண்டாம். அவருக்குப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். எமது தாய்மாருக்கு முதலில் நடை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. ஓட்டமும் துள்ளலும் குறைந்தது பன்னிரண்டு வாரங்களுக்குப் பின்னர்தான். இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அது பெரும்பாலும் பயிற்சியாலேயே சீராகும்.

மலேசியாவின் சிவசங்கரி சுப்ரமணியம் எங்கள் இனத்துப் பிள்ளை. 2022 இல் கார் விபத்தில் கழுத்திலும் முகத்திலும் காயப்பட்டுப் பர்மிங்ஹாம் போட்டிக்கே போக முடியாமற் போனவர், 2023 இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

இனி எம் வீட்டுக் கதை. எமது சிகிச்சை நிலையத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள் (அடையாளங்களை மாற்றியே எழுதுகிறோம்). தாய்க்கு வயது 43, நீரிழிவின் விளிம்பில் நின்றார். மகளுக்கு 15. பாடசாலையில் ஸ்குவாஷ் ஆடிக்கொண்டிருந்தவளைச் சோதனை வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள். "படிப்புத்தானே டொக்டர் முக்கியம்? காற்சட்டை போட்டுக்கொண்டு ஓடினால் சனம் என்ன சொல்லும்?" என்றார் தாய். மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியின் கிரிக்கெட்டை நிறுத்தினீர்களா என்று கேட்டோம். பதில் வரவில்லை.

அகதியாக வந்த காலத்தில் நாமும் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தவிர வேறெதையும் நினைத்ததில்லை. அந்தப் பயம் எமக்குப் புரியும். ஆனால் தெற்காசியரான எமக்கு நீரிழிவும் மாரடைப்பும் மற்றவர்களைவிட இளவயதிலேயே, குறைந்த உடல் எடையிலேயே வருகின்றன. எமது பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான அசைவு அல்லது 75 நிமிடக் கடும் அசைவு தேவை. பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம். ரியூஷனுக்குக் காரில் ஏற்றி இறக்குவது இதில் சேராது!

2016 இல் பிரித்தானியாவில் 80,000 இற்கு மேற்பட்டோரை வைத்து வெளியான ஆய்வில், மட்டையால் ஆடும் விளையாட்டுக்காரரிடையே இறப்பு வீதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்களே இவற்றை ஆட வருகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் ஸ்குவாஷ் விளையாட்டுத்தனமான விளையாட்டு அல்ல. 1980களில் ஸ்குவாஷோடு தொடர்புபட்ட 60 திடீர் மரணங்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதய நாடி அடைப்பு. பலருக்கு முன்னரே நெஞ்சு நோ போன்ற அறிகுறிகள் இருந்தன. ஆகவே நாற்பதைக் கடந்து, பல வருடம் கதிரையில் இருந்துவிட்டு நேரே ஆடப் போகாதீர்கள். முதலில் சில வாரம் வேகநடை. இரத்த அழுத்தம், சீனி, கொலஸ்ரரோல் பரிசோதனை. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். இந்த ஒரு பொயின்ருக்குப் பிறகு பார்ப்போம் என்று நினைக்க வேண்டாம்.

கண்ணும் கவனம். பந்து ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் அளவு. கண்குழிக்குள் அப்படியே பொருந்தும். இரட்டையரில் நான்கு மட்டைகள் ஒரே அறைக்குள் சுழல்கின்றன. மூக்குக்கண்ணாடி பாதுகாப்பல்ல, உடைந்தால் அதுவே ஆபத்து. பொலிகார்பனேற் கண்கவசம் வாங்குங்கள்.

அந்தத் தாயும் மகளும் ஐந்து மாதம் கழித்து வந்தார்கள். மூன்று மாதம் நடந்துவிட்டு, இப்போது ஞாயிறு காலையில் இருவரும் ஒரு பக்கமாக நின்று ஆடுகிறார்களாம். தாயின் சீனி அளவு சற்று இறங்கியிருந்தது. மகளின் சோதனைப் பெறுபேறு இன்னும் வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு டொக்டர்," என்றார் தாய். "ஆனா தன்ர பந்துக்கு நான் போனா இவள் பேசுறாள்."