கணினியின் முதல் நிரலைத் திறந்து வைக்கும் கோர்பூட்

விண்டோஸோ லினக்ஸோ திரையில் தெரிவதற்கு முன்பே கணினியில் வேறொரு மென்பொருள் ஓடியிருக்கும். பயாஸ் என்று நமக்குப் பழகிப்போன அதன் இடத்தில் இப்போது யூஇஎஃப்ஐ இருக்கிறது. மதர்போர்டின் சிறிய ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் இதன் மூலநிரலைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. அதற்கு மாற்றாக, எவரும் படித்துப் பார்க்கக்கூடிய சிறு நிரலாக எழுதப்படுவதுதான் கோர்பூட்.

1999இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ரான் மின்னிக் இதைத் தொடங்கினார். பல கணினிகளை இணைத்து ஒன்றாக இயக்க முயன்றவர்களுக்கு பயாஸ் பெரும் தலைவலி. சிறு பிழை கண்டாலும் ஏதாவது கீயை அழுத்தச் சொல்லி நின்றுவிடும். அந்தக் கணினிகளுக்கோ கீபோர்டே கிடையாது. லினக்ஸ்பயாஸ் என்று பிறந்த இந்தத் திட்டம் 2008இல் கோர்பூட் என்று பெயர் மாறியது.

வன்பொருளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே இதன் வேலை. எளிதாகத் தோன்றும், ஆனால் மின்சாரம் வந்த கணத்தில் ரேம் இயங்காது. அதைத் தயார்செய்யும் நிரலுக்கே தன் கணக்குகளை எழுதிவைக்க இடமில்லை! தொடக்கத்தில் பிராசஸரின் ரெஜிஸ்டர்களை மட்டும் கொண்டு ஒப்பேற்ற ரோம்சிசி என்ற தனி கம்பைலரையே எழுதினார்கள். பிறகு கேஷ் நினைவகத்தையே தற்காலிக ரேமாக்கும் வழி பிடிபட்டது. எனக்கு இந்தத் திட்டத்தின் அழகே இதில்தான் தெரிகிறது. ரேம் விழித்ததும் பொறுப்பு பேலோடு எனும் அடுத்த நிரலுக்குப் போகும். அது சீபயாஸாகவோ, கிரப்பாகவோ, லினக்ஸ் கெர்னலாகவோ இருக்கலாம்.

இன்று கூகுளின் குரோம்புக்குகளும் கோர்பூட்டில்தான் எழுகின்றன.

சிறிதாக இருப்பதில் பாதுகாப்பும் உண்டு. பெருத்துப்போன யூஇஎஃப்ஐயில் தயாரிப்பாளரின் லோகோ படத்தைப் படிக்கும் பகுதியிலேயே ஓட்டைகள் இருந்ததை 2023இல் 'லோகோஃபெயில்' ஆய்வு காட்டியது.

ஆனால் முழு விடுதலை இன்னும் கிடைக்கவில்லை. புதிய இன்டெல் பிராசஸர்களில் ரேமை எழுப்ப, இன்டெல் தரும் மூடிய நிரல்துண்டு தேவைப்படுகிறது. அதைவிடக் கொடியது இன்டெல் 2013இல் கொண்டுவந்த பூட் கார்டு. தயாரிப்பாளரின் கையொப்பம் இல்லாத தொடக்க நிரலை ஓடவிடாதபடி சிப்பிலேயே நிரந்தரமாகப் பூட்டிவிட முடியும். காசு கொடுத்து வாங்கியவரிடம் அந்தச் சாவி இல்லாதது அநியாயம்.

அதனால்தான் பூட் கார்டுக்கு முந்திய திங்க்பேட் எக்ஸ்230 போன்ற பழைய மடிக்கணினிகளை ஆர்வலர்கள் தேடுகிறார்கள். கோர்பூட்டுக்கு மாற விரும்புவோர், வேறொரு கணினியோடு இணைத்த கிளிப்பை ஃபிளாஷ் சிப்பில் மாட்டி, ஃபிளாஷ்ரோம் மென்பொருளால் பழைய உள்ளடக்கத்தை இருமுறை படித்து, இரண்டும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுச் சேமிக்க வேண்டும். புதியது எழாவிட்டால் அதே கிளிப் வழியாகப் பழையதை எழுதிவிடலாம்.