பனிமலைப் பருவம் – 6: கடைக்குட்டியிலிருந்து தொடங்குங்கள்

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரங்கள் கிலோமீட்டர் கணக்கில்தான் பேசுகின்றன. இத்தனை நூறு கிலோமீட்டர் சறுக்குப்பாதை, இத்தனை லிஃப்ட், இத்தனை சிகரம். முதல் தடவை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்தக் கணக்கால் ஒரு பயனும் இல்லை. வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால், அது அந்த வாரத்தின் பெரும்பகுதியைக் கழிக்கப்போவது ஒரே ஒரு சின்னச் சரிவில். அந்தச் சரிவு எங்கே இருக்கிறது, தங்கும் இடத்திலிருந்து அங்கே போய்ச்சேர எவ்வளவு நேரமாகும், வெயில் படுமா, பக்கத்தில் கழிப்பறை உண்டா? இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகு மற்றதை யோசிக்கலாம். இத்தாலியின் சின்ன மலையூர்களை இந்தத் தொடரில் நான் திரும்பத் திரும்ப முன்வைப்பதற்கு இதுவே காரணம்.

இந்த வாரம் ஒரே ஊர்: ஷாம்போலுக். இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆவோஸ்தா தன்னாட்சி மாநிலத்தில், ஆயாஸ் என்ற கிளைப் பள்ளத்தாக்கில், 1,568 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் மோந்தே ரோசா மலைத்தொகுதியைச் சேர்ந்த காஸ்தோர், போலுக்ஸ் என்ற இரட்டைச் சிகரங்கள். இரண்டுமே 4,000 மீட்டரைத் தாண்டியவை. அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து. இந்தப் பக்கம் எவான்சோன் ஆறு, தேவாலயம், சில கடைகள், ‘ரஸ்கார்’ எனப்படும் பழைய மர வீடுகள். அடியில் கல்கட்டு, மேலே மரக்கட்டு, இரண்டுக்கும் நடுவே காளான் வடிவத் தாங்கிகள். எலி ஏறித் தானியத்தைத் தின்றுவிடாமல் இருக்க அப்படிக் கட்டினார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கான கிரெஸொனேயில், 13ஆம் நூற்றாண்டுவாக்கில் மலை தாண்டி வந்து குடியேறிய வால்சர் மக்களின் ஜெர்மானியப் பேச்சு இன்னும் சிலர் வாயில் உயிரோடு இருக்கிறது.

ஷாம்போலுக்கில் தொடக்கநிலைச் சரிவு ஊருக்குள் இல்லை. கேபின் லிஃப்டில் ஏறி, ஏறக்குறைய 2,000 மீட்டரில் உள்ள கிரெஸ்த் என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே நகரும் பட்டையில் நின்றபடி மேலே போய்ச் சறுக்கி இறங்கலாம். அங்கிருந்து ஊருக்கு இறங்கும் பாதை புதியவர்களுக்கு ஏற்றதல்ல. மாலையில் அதே கேபினில் திரும்பிவிடுங்கள். ஆகவே லிஃப்ட் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் அறை கிடைப்பது இங்கே மிக முக்கியம். பிள்ளையின் ஸ்கீ, உங்கள் ஸ்கீ, கோல்கள், பை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, விறைத்த பூட்ஸோடு உறைந்த சாலையில் கால் மணி நேரம் நடந்தால், சறுக்கத் தொடங்கும் முன்பே பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். இன்னொரு வழி, பள்ளத்தாக்கில் சற்று முன்னதாக, வெயில் பார்த்த மேட்டில் உள்ள ஆந்தன்யோ. தனியான, சிறிய சறுக்குப்பகுதி. ஷாம்போலுக்கின் பெரிய லிஃப்ட் வலைப்பின்னலோடு தொடர்பில்லை. நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர்களுக்கு அரைநாளில் சலித்துவிடும். நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடத்தை இந்தப் பள்ளத்தாக்கில் நான் சொல்லமாட்டேன்.

குடும்பத்தில் நன்றாகச் சறுக்குபவர்கள் இருந்தால் அவர்களுக்கும் இங்கே குறையில்லை. ஷாம்போலுக், கிரெஸொனே, அலான்யா ஆகிய ஊர்கள் உள்ள மூன்று பள்ளத்தாக்குகளை லிஃப்டுகள் இணைக்கின்றன. ஆனால் ஓர் எச்சரிக்கை. மேலே கணவாய் வழியாகச் சில நிமிடங்களில் கடக்கிற தூரம், சாலையில் அப்படியில்லை. மாலையில் கடைசி லிஃப்டைத் தவறவிட்டால், கிரெஸொனேயிலிருந்து ஷாம்போலுக் திரும்ப, ஆவோஸ்தாவின் பெரிய பள்ளத்தாக்கு வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். டாக்ஸியில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. அலான்யாவிலிருந்து என்றால் இன்னும் நெடுந்தூரம். கடைசி லிஃப்ட் நேரத்தைக் காலையிலேயே எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எப்போது போவது? பருவம் பொதுவாக டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி 6 வரை விலை உச்சத்தில் இருக்கும். பிப்ரவரியில் கார்னிவல் விடுமுறையும் பிரிட்டன் பள்ளிகளின் இடைவிடுமுறையும் சேர்ந்து நெருக்கும். இத்தாலியக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலைக்கு ஒதுக்கும் ‘வெள்ளை வாரம்’ பெரும்பாலும் இந்த நாட்களில்தான். ஜனவரி 7க்குப் பிறகு விலை சட்டென்று இறங்கும், கூட்டமும் இருக்காது. ஆனால் பகல் குறுகியது, நிழலில் குளிர் கடிக்கும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மார்ச்தான் என்பது என் முடிவு. பகல் நீள்கிறது, லிஃப்டில் உட்கார்ந்து நடுங்க வேண்டியதில்லை. மதியத்துக்குப் பிறகு பனி இளகிக் கனத்துவிடும் என்பது உண்மை. சின்னப் பிள்ளைக்கோ மதியத்தோடு போதும். ஈஸ்டர் எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2027இல் அது மார்ச் 28. அந்த ஆண்டு மார்ச் கடைசி வாரம் மலிவாக இருக்காது. வாரத்துக்குள்ளும் ஒரு தாளம் உண்டு. சனி, ஞாயிறுகளில் டூரின், மிலான் நகரத்தார் காரில் வந்து நிறைவார்கள். திங்கள் காலை மலை உங்களுடையது.

பெரும்பாலோர் முதலில் விமான டிக்கெட் எடுத்துவிட்டு, பிறகு அறை தேடி, கடைசியில் பயிற்சிப் பள்ளியை விசாரிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் பள்ளிக்கு எழுதி, உங்கள் பிள்ளையின் வயதுக்குக் குழு உண்டா, எந்த மொழியில், எந்தச் சரிவில் என்று கேளுங்கள். நான்கு அல்லது ஐந்து வயதிலிருந்து குழுவில் சேர்ப்பது வழக்கம். அதற்கும் சின்னவர்களுக்குத் தனி வகுப்போ பனிக் காப்பகமோ. இத்தாலியில் பதிவுபெற்ற பயிற்றுநர் மட்டுமே காசு வாங்கிச் சொல்லித்தர முடியும். 1991ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதிசெய்கிறது. ஆகையால் தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இடத்தைப் பற்றிக் கவலைப்படலாம். வகுப்பு உறுதியான பிறகு அறை, அதன் பிறகு விமானம்.

பூட்ஸ் விஷயத்தில் அவசரம் கூடாது. ஸ்கீயை விடப் பூட்ஸ்தான் வாரத்தைக் காக்கும், அல்லது கெடுக்கும். ஊர் போய்ச்சேர்ந்த மாலையே வாடகைக் கடைக்குப் போங்கள். மறுநாள் காலை வரிசையில் நின்றபடி எடுக்காதீர்கள். அளவு, பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். ஒரே ஒரு மெல்லிய நீளக் காலுறை போதும். குளிருக்குப் பயந்து இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. கடைக்காரர் எடை, உயரம், வயது, திறமை எல்லாம் கேட்பார். விழும்போது பூட்ஸிலிருந்து ஸ்கீ கழன்றுகொள்ள எவ்வளவு விசை வேண்டும் என்பதை இவற்றை வைத்துத்தான் அவர் திருகி அமைக்கிறார். எடையைக் குறைத்துச் சொன்னால் தேவையில்லாத இடத்தில் கழலும். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய இடத்தில் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். கூச்சமில்லாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2022 ஜனவரி முதல் இத்தாலியச் சறுக்குப்பாதைகளில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதாவது நீங்கள் பிறர்மேல் மோதினால் அவருக்கான இழப்பீடு. லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே இதையும் நாள் கணக்கில் வாங்கிக்கொள்ளலாம். ஹெல்மெட் முன்பு பிள்ளைகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்தது. 2025–26 பருவம் முதல் எல்லா வயதினருக்கும். இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவில் வருகிறவர்கள் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பார்கள். அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். பல திட்டங்களில் பனிச்சறுக்கு சேராது. கூடுதல் தொகை கட்டிச் சேர்த்தால்தான் கால் முறிவுக்கும் மலையிலிருந்து இறக்கும் செலவுக்கும் பொறுப்பேற்பார்கள்.

போக்குவரத்து சுருக்கமாக: டூரின் விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், மிலான் மல்பென்சாவிலிருந்து இரண்டு. வெர்ரெஸில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் வளைவுகள் தொடங்கும். வயிறு புரளும் பிள்ளைகளை முன்கூட்டியே கவனியுங்கள். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ இருந்தாக வேண்டும். வாடகைக் காரில் அது உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஆவோஸ்தா ரயில்பாதையின் மேல்பகுதி 2024 தொடக்கத்தில் மின்மயமாக்கலுக்காக மூடப்பட்டு மாற்றுப் பேருந்துகள் விடப்பட்டன. ரயிலில் வர நினைப்பவர்கள் நிலவரம் பார்த்துக் கிளம்புங்கள்.

சைவக்காரர்கள் மலைக் குடில்களில் ஃபொந்தீனா பாலாடையும் வெண்ணெயும் கலந்த சோளமாவுப் பொலெந்தாவைக் கேட்கலாம். கோஸும் ரொட்டியும் பாலாடையும் அடுக்கிய இந்த மாநிலத்துச் சூப்பு சைவமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்யப்படுவது, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஃபொந்தீனாவை உறையவைப்பதும் கன்றின் இரைப்பைச் சாறுதான். கண்டிப்பானவர்கள் அதையும் மனதில் வைக்க வேண்டும்.

கடைசியாக, வாரத்தின் நடுவில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் பிள்ளைகளின் கால்கள் தளர்கின்றன. விழுந்து அடிபடுவதும் களைத்த நேரத்தில்தான். பாஸுக்குக் கொடுத்த காசு வீணாகிறதே என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மலையிறங்கி, வெர்ரெஸுக்கு எதிர்க்கரையிலுள்ள இஸ்ஸோன்யெ கோட்டைக்குப் போங்கள். முற்றத்தில் இரும்பாலான மாதுளை மரத்திலிருந்து நீர் சொட்டும் ஊற்று இருக்கிறது. வாசல் தாழ்வாரத்தில் மருந்துக்கடை, இறைச்சிக்கடை, ரொட்டிக்கடை, தையல்கடை என்று 500 ஆண்டுகளுக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை சுவரோவியங்களாக இருக்கிறது. சுற்றிப்பார்ப்பது வழிகாட்டியோடுதான் என்பதால் நேரம் முன்பதிவு செய்யுங்கள். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: அலான்யா)