தாதியர்க்கு வேண்டிய நிதானம்

வைத்தியசாலை என்றவுடன் நம் நினைவில் முதலில் எழுபவர் வைத்தியரே. ஆயினும் வைத்தியர் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்களே. இரவும் பகலும் அருகிருப்போர் தாதியர். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபொழுது, நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஒரு கூறாக வைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது. அவ்வாறு அருகிருப்போர் எத்தகைய அறிவுடையராதல் வேண்டும், அவ்வறிவு எங்ஙனம் வளர்கின்றது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிதானம் என்னுஞ் சொல்லுக்கு உலகவழக்கில் பதறாமை என்பது பொருள். நம் பழைய மருத்துவ நூல்களிலோ அது நோயின் காரணத்தையும் நிலையையும் ஆராய்ந்து அறிதலைக் குறிக்கும். தாதியர்க்கு இவ்விரண்டும் வேண்டும். கண்ட குறிகளுள் எது பொருட்படுத்தற்குரியது, அது எதனைக் காட்டுகின்றது, இப்பொழுது செய்யத்தக்கது யாது, யாரை அழைத்தல் வேண்டும் என்று காலந்தாழ்த்தாது துணியும் ஆற்றலையே நிதானம் என்கின்றோம். இது பிறவியில் வாய்ப்பதன்று. நூலை மனனஞ் செய்வதனாலும் வாராது. கட்டிலருகே, வழிகாட்டுவார் ஒருவருடன், கண்டு கேட்டுச் சிந்தித்துப் பழகுவதனாலேயே வளர்வது.

இதனை விளக்குதற்கு வேறிடத்து உதாரணந் தேடிச் செல்ல வேண்டியதில்லை. வீடுகள் நெருங்கிய கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் வாழும் நமக்கு டெங்குக் காய்ச்சல் புதியதன்று. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 1,86,000க்கு மேற்பட்டோர் அந்நோயாற் பீடிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று. இந்நோயின் வஞ்சகம் யாதெனில், காய்ச்சல் தணியுங் காலமே பெரும்பாலும் ஆபத்துத் தொடங்குங் காலமாயிருத்தலாகும். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடற்சூடு இறங்கும். வீட்டார் மகிழ்வர், நோயாளியும் எழுந்திருந்து பேசுவார். ஆனாற் சிலருக்கு அவ்வேளையிலேதான் நுண்ணிய குருதிக் குழாய்களினின்றும் குருதியின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரை நீடிக்கும் இக்கசிவு கவனிக்கப்படாதுவிடின், குருதியோட்டந் தளர்ந்து உயிருக்கே கேடு விளையும்.

இத்தகைய நோயாளி ஒருவரின் குருதியமுக்கம் காலையில் 110க்கு 70 எனக் கொள்வோம். நண்பகலில் அது 104க்கு 76. மாலையில் 100க்கு 80. புதிதாகப் பணியேற்ற தாதி மேலெண்ணை மாத்திரம் நோக்கி, ‘நூறு இருக்கின்றது, பயமில்லை’ என்று பதிந்து அடுத்த கட்டிலுக்குச் செல்லக்கூடும். அனுபவமுள்ள தாதியோ இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியை நோக்குவார். காலையில் 40 ஆக இருந்த இடைவெளி நண்பகலில் 28 ஆகி, மாலையில் 20 ஆகச் சுருங்கிவிட்டது. இடைவெளி 20 ஆகவோ அதனிற் குறைவாகவோ ஆதல் குருதியோட்டம் தளர்ச்சியுற்றதற்கு அடையாளம். உடனே அவர் நோயாளியின் கைகால்களைத் தொட்டுக் குளிர்ச்சியை அறிவார்; நாடியின் விரைவை எண்ணுவார்; சிறுநீரின் அளவைக் கேட்பார். ஐம்பது கிலோ எடையுள்ளவர்க்கு மணித்தியாலத்துக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறையின் அதுவும் எச்சரிக்கையே. வயிற்றுநோவு, ஓயாத வாந்தி, அமைதியின்மை ஆகியவற்றையும் விசாரிப்பார். இருவரும் கண்ட எண்கள் ஒன்றே. அவர்கள் கண்ட பொருளே வேறு. நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருத்தலும் இவ்வேளையில் நம்மை ஏமாற்றும். மறுபுறம், அச்சத்தினால் திரவத்தை அளவின்றி ஏற்றினால், கசிந்த நீர் மீளவுங் குருதியிற் சேரும்பொழுது நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டும். ஆகவே பதற்றமுங் கூடாது, அயர்ச்சியுங் கூடாது.

இவ்வேற்றுமை எவ்வாறு உண்டாகின்றது என்பதை அமெரிக்கத் தாதியர் கல்வியாளராகிய பற்றீசியா பெனர் 1984 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். தொடக்கநிலையினர், சிறிது பழகியவர், தகுதியுற்றவர், தேர்ந்தவர், வல்லுநர் என ஐந்து படிகளை அவர் வகுத்தார். தொடக்கநிலையினர் விதிகளைப் பற்றிக்கொண்டு நடப்பர். அஃது அவர்களது குறையன்று, அப்படியின் இயல்பு. வல்லுநரோ பல நோயாளரைக் கண்ட பழக்கத்தினால் நிலைமை முழுவதையும் ஒருசேர உணர்வர். ஆண்டுகள் கழிவதனால் மாத்திரம் ஒருவர் மேற்படிக்கு ஏறிவிடார். கண்டவற்றைச் சிந்தித்துத் தம் எண்ணத்தைத் திருத்திக்கொண்டவரே ஏறுவர்.

2006 இல் கிறிஸ்ரின் ரானர் என்னும் மற்றோர் அறிஞர், தாதியரின் சிந்தனையை நான்கு செயல்களாகப் பகுத்துரைத்தார்: கவனித்தல், பொருளுணர்தல், செயற்படல், மீளச் சிந்தித்தல். இவற்றுள் முதலாவதன் அருமையை நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்த்தியவர் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பள்ளி தோற்றுவித்த அவர், தாதிமை பற்றிய தம் நூலில் நோயாளரை உற்றுநோக்குதல் என்பதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார்.

இந்நான்கையும் கற்பிக்கும் வழி யாது? முதலாவது, மூத்த தாதி தாம் எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லுதல். ‘இந்த இடைவெளி சுருங்குகின்றது, ஆகவே கையைத் தொட்டுப் பார்க்கின்றேன்’ என்று சொல்லக் கேட்கும் இளையவர், செயலோடு காரணத்தையும் கற்பர். இரண்டாவது, விடையைக் கூறாது வினாவை எழுப்புதல். ‘நீர் எதைக் கண்டீர்? அதனால் என்ன நினைக்கின்றீர்? ஒரு மணித்தியாலத்தில் என்ன நிகழக்கூடும்?’ என்னும் மூன்று வினாக்கள் நீண்ட விரிவுரையிலும் பயன்றரும். மூன்றாவது, மனித உருவப் பாவைகளைக் கொண்டு நெருக்கடி நிலைமைகளை முன்கூட்டியே பயிலுதல். அங்கு நேரும் பிழையினால் எவர்க்கும் தீங்கில்லை. நான்காவது, பணி முடிந்தபின் நடந்ததை அமைதியாக மீளப் பேசுதல். கவனிக்கத் தவறியது எது, மறுமுறை என்ன செய்வோம் என்று ஆராயாத அனுபவம் பயனற்றொழியும்.

இன்னுமொன்றுண்டு. கண்டதைக் கூறும் துணிவு இல்லாவிடின் கண்டும் பயனில்லை. நள்ளிரவில் வைத்தியரை அழைத்தாற் சினப்பாரோ என்று இளந்தாதி தயங்கும் ஒரு மணித்தியாலம் ஓர் உயிரின் விலையாகலாம். ஆதலின் அறிவிக்கும் ஒழுங்கொன்றைப் பயிற்றுவித்தல் நன்று: இப்பொழுதுள்ள நிலை, அதன் பின்னணி, தம் மதிப்பீடு, தாம் வேண்டுவது என்னும் நான்கையும் முறையாகச் சொல்லுதல். ‘நோயாளி சரியில்லை’ என்பதனினும், ‘காய்ச்சல் தணிந்த டெங்கு நோயாளி, நாடியமுக்கம் நாற்பதிலிருந்து இருபதாகச் சுருங்கிவிட்டது, கைகால்கள் குளிர்ந்துள்ளன, உடனே வந்து பார்க்க வேண்டும்’ என்பது வைத்தியரை விரைந்து எழுப்பும். கேட்போரும் வினவியவரை இகழாதிருத்தல் வேண்டும். ஒருமுறை இகழப்பட்டவர் மறுமுறை வாய் திறவார்.

கொழும்பில் 1864 இல் தொடங்கிய பொது வைத்தியசாலை, இன்று இலங்கைத் தேசிய வைத்தியசாலையாய் விளங்குகின்றது. அரசாங்கத் தாதியர் பயிற்சி மூன்றாண்டுக் கல்வியாக நடைபெறுகின்றது. பல்கலைக்கழகங்களிலும் தாதியர் பட்டப்படிப்பு உண்டு. கல்விக்கூடங்கள் பெருகியமை மகிழ்ச்சிக்குரியதே. எனினும் 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின்னர் பயிற்சி பெற்ற தாதியர் பலர் வெளிநாடு சென்றனர். அவ்வாறு மூத்தவர் ஒருவர் விலகும்போது குறைவது இரண்டு கைகள் மாத்திரமன்று, இளையோர்க்கு ‘ஏன்?’ என்று கேட்டு வழிகாட்டும் குரலும் குறைகின்றது. சான்றிதழ் பெற்ற மறுநாளே இளந்தாதியை நோயாளர் நிறைந்த விடுதியில் தனியே நிறுத்துதல், நீந்தக் கற்ற அன்றே கடலில் இறக்குதலை ஒக்கும். முதலாண்டிலேனும் அவர்க்கென ஒரு மூத்தவரை நியமித்து, கற்பித்தற்கு வேண்டிய நேரத்தையும் அவர்க்கு ஒதுக்குதல் கடமையாகும்.

நமக்கும் இதிற் பங்குண்டு. ‘அம்மா இன்று வழமைபோல் இல்லை’ என்று உறவினர் கூறுஞ் சொல், கருவிகள் காட்டுமுன்னரே வரும் அறிகுறியாகலாம். நோயாளி தமிழில் மாத்திரம் பேசுபவராய், தாதி அம்மொழி அறியாதவராயின், நோவின் தன்மையை எடுத்துரைக்க வல்ல ஒருவர் உடனிருத்தல் பேருதவி. காய்ச்சல் விட்டதென்று அவசரப்பட்டு வீடு செல்ல முற்படாதிருத்தலும் அறிவுடைமையே.

இக்கல்லூரி மாணவருள் தாதியர் தொழிலை நாடுவோரும் உளராகலாம். ஆடவர்க்கும் இத்தொழில் உரியதே. அவர்கள் விஞ்ஞான பாடத்தைப் பயில்வதோடு, ஒன்றை உற்று நோக்கவும், கண்டதைத் தெளிவாகக் கூறவும், தம் எண்ணம் பிழையெனின் திருத்திக்கொள்ளவும் இன்றே பழகுவாராக. பிறருயிரைக் காக்குங் கல்விக்கு அப்பழக்கமே அடிப்படையாகும்.